பதினாலாம் நம்பர் படுக்கை

நீர்மூழ்கிக்குள் முதன்முதலாகக் காலை வைத்ததும் தையல்காரிக்குக் கோபம்தான் வந்தது. கல்யாணமான புதிதில், "உள்ள எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டதற்கு, "எனக்கு ஜன்னலோரப் படுக்கை" என்று சொல்லியிருந்தார் அவள் புருஷன். அவளும் அதை நம்பி முப்பத்து நாலு வருஷமாக அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இங்கே ஜன்னலையும் காணோம், ஜன்னல் மாட்ட இடத்தையும் காணோம். குழாய், வால்வு, வயர், மறுபடியும் குழாய். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு நடை. அதன் இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடுக்காக இரும்புப் படுக்கைகள். அவள் வீட்டுப் பாத்திர அலமாரிகூட இதைவிடத் தாராளமாக இருக்கும்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்," என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தாள்.

கடற்படை அந்த நீர்மூழ்கிக்கு ஓய்வு கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதைக் கரைக்கு இழுத்து, கடற்கரைச் சாலையோரம் சிமெண்ட் மேடையில் ஏற்றி, அருங்காட்சியகமாக்கிக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் ஏணியில் இறங்கி வரமாட்டார்கள் என்று பக்கவாட்டில் இரண்டு வாசல்களை வெட்டியிருந்தார்கள். வெட்டிய அன்று அவள் புருஷன் சாப்பிடவில்லை. "தண்ணிக்கு அடியில அத்தனை வருஷம் ஒரு சொட்டு உள்ள விடாதவளை, கரையில கொண்டாந்து வயித்தைக் கிழிச்சுட்டாங்க," என்று புலம்பினார். மறுநாள் முதல் ஆளாகப் போய் அந்த வாசல் வழியாக நுழைந்து பார்த்துவிட்டு, "முட்டி வலிக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார்.

படுக்கைகளின் பழைய மெத்தைகள் எண்ணெய் குடித்து உளுத்துப் போயிருந்தன. பழைய மாதிரியிலேயே புது மெத்தை உறை, தலையணை, திரைச்சீலை எல்லாம் தைக்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. கொடுத்தது அருங்காட்சியகக் காப்பாளர். முப்பது வயதுப் பெண். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பாள், அதை மறந்துவிட்டு எல்லாரிடமும் பென்சில் கேட்பாள். பழைய மாலுமிகளிடம் விவரம் சேகரிக்க வீட்டுக்கு வந்தவள், கூடத்திலிருந்த தையல் மெஷினைப் பார்த்துவிட்டு அங்கேயே வேலையைப் பேசி முடித்துவிட்டாள். அந்தப் பெண்தான், பாவம், தெரியாமல் குடும்பத்துக்குள் ஒரு குண்டையும் வைத்தாள்.

தையல்காரியின் புருஷனுக்கு நீர்மூழ்கியில் பெயர் டீசல். எஞ்சின் மெக்கானிக். எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் சட்டையில் டீசல் வாடை போகாது. அவளுடைய அண்ணன் பெயர் காது. தண்ணீருக்கடியில் வருகிற சத்தங்களைக் கருவியில் கேட்டு, அது கப்பலா, மீன் கூட்டமா, மழையா என்று சொல்கிற வேலை. இருவரும் நாலு வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவர்கள், ஆனால் ஒரு நாளும் சேர்ந்து படுத்ததில்லை. உள்ளே இடப் பஞ்சம். ஆறு மணி நேரம் ஒருவர் வேலை பார்ப்பார், மற்றவர் தூங்குவார். அப்புறம் மாற்றம். முன்னவர் எழுந்த சூடு ஆறுவதற்குள் பின்னவர் ஏறிவிடுவார்.

எழுப்புவதற்கும் ஒரு முறை இருந்தது. சத்தம் போடக்கூடாது என்பதால் கால் பெருவிரலை இரண்டு தடவை அழுத்துவார்கள். தூங்குகிறவன் மூன்று எண்ணுவதற்குள் எழுந்து நடையில் நிற்க வேண்டும். டீசலை இன்றைக்கும் அப்படித்தான் எழுப்ப முடியும். தலைமாட்டில் பாத்திரத்தைப் போட்டு உடைத்தாலும் புரண்டு படுப்பார். பெருவிரலைத் தொட்டால் போதும், விறைப்பாக நிற்பார். புதுப்பெண்ணாக வந்தவளுக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததே அவள் அண்ணன்தான்.

அந்த நாலு வருஷம் முடிகிற சமயத்தில் காது தன் தங்கையை டீசலுக்குக் கட்டிக்கொடுத்தார். எப்படி நடந்தது என்று யார் கேட்டாலும் டீசல் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "மச்சான் நச்சரிப்பு தாங்கல. சரி, தொலையுதுன்னு கட்டிக்கிட்டேன்." எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். நல்ல மனுஷன், குடியில்லை, கை நீட்டியதில்லை, அவளுக்கு ஜுரம் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். ஆனாலும் அந்த 'தொலையுது' அவளுக்குள் எங்கோ ஒரு மூலையில் குத்திக்கொண்டேதான் இருந்தது. இத்தனை வயசுக்கு மேல் இதைப் போய்க் கேட்பதா என்று விட்டுவிட்டாள்.

காப்பாளர் கொண்டுவந்த படிவத்தில் இப்படி இருந்தது: ஒரு படுக்கைக்கு ஒரு பெயர். அந்தப் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறிப்பார்கள். பக்கத்தில் ஒரு பொத்தான், அழுத்தினால் அந்த மாலுமியின் குரல் ஒரு நிமிஷம் பேசும். எல்லாப் படுக்கைக்கும் ஆள் கிடைத்துவிட்டது. பதினாலாம் நம்பருக்கு மட்டும் இரண்டு பேர் போனில் "நான்தான்" என்றிருந்தார்கள். நேரில் உட்கார்த்தி வைத்துக் கேட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் தையல்காரி வீட்டுக் கூடத்தில் உட்கார்த்தி வைத்துக் கேட்டாள் அந்தப் பெண்.

"நான் ஏறி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் மாப்பிள்ளை வந்தார்," என்றார் காது. "நான் வீட்டுக்காரன். அவர் குடிவந்தவர்."

"நாலு வருஷத்துல இவர் இறங்கிட்டார். ஒம்பது வருஷம் அதுல கிடந்தது யாரு?" என்றார் டீசல்.

பேச்சை மாற்ற நினைத்து, "தலையணையை எந்தப் பக்கம் வைக்கணும்?" என்று கேட்டாள் காப்பாளர். அங்கேதான் வினை ஆரம்பித்தது. "முன்பக்கம்" என்று ஒருவரும் "எஞ்சின் பக்கம்" என்று ஒருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். எஞ்சின் பக்கம் தலை வைத்துப் படுக்கிறவன் மனுஷனே இல்லை என்றார் காது. எஞ்சின் சத்தம் மாறினால் தூக்கத்திலேயே தெரிய வேண்டாமா என்றார் டீசல்.

"தெரிஞ்சு என்ன? அப்படிப் படுத்துப் படுத்து இன்னைக்குச் செவிடானதுதான் மிச்சம்."

காது விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் டீசல் போன மாதம்தான் காதுக் கருவி ஒன்று வாங்கி, வெட்கப்பட்டு, அதை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். அவர் முகம் கறுத்துப் போனது.

"பாதியில இறங்கி ஓடினவருக்குப் படுக்கை ஒரு கேடா?" என்றார்.

காது பாதியில் இறங்கியது மனைவி நோயில் விழுந்ததால். ஏழு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். அப்படியும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. அது டீசலுக்கும் தெரியும். சொன்ன வாயை உடனே மூடிக்கொண்டார், ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை. காது எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு ஏழு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. இரண்டு தெரு தள்ளி வீடு. முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் இவர் அங்கே இருப்பார், இல்லாவிட்டால் அவர் இங்கே இருப்பார். இப்போது ஒருவர் வருகிற தெருவில் மற்றவர் போவதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அவள்தான் தபால்காரி. "உங்க அண்ணன் மாத்திரை வாங்கிட்டாரான்னு கேளு," என்பார் இவர். "உன் புருஷன் முட்டி எப்படி இருக்குன்னு சொல்லு," என்பார் அவர். அக்கறைக்குக் குறைச்சல் இல்லை, வீம்புக்கும் குறைச்சல் இல்லை.

அப்படியே விட்டால் என்றாவது சரியாகிவிடும் என்று அவளால் இருக்க முடியவில்லை. அண்ணன் ஊரை விட்டே போகிறார். மகன் வெளிநாட்டில் வீடு வாங்கிக் கூப்பிட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத் திறப்பு, ஞாயிற்றுக்கிழமை விமானம். அறுபத்து நாலு வயதில், நெஞ்சு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு போகிறவர் திரும்பி வருவார் என்று யார் சொல்ல முடியும்? இந்த இரண்டு பேரும் இப்படியே பிரிந்துவிட்டால், மிச்சக் காலம் பூராவும் இந்த வீட்டில் அண்ணன் பேச்சையே எடுக்க முடியாது.

திங்கட்கிழமை பதினாலாம் நம்பரை அளந்தாள். நடு அடுக்கு. நீளம் ஐந்தடி பத்து அங்குலம், அகலம் இரண்டடிக்கும் ஒரு விரல் குறைவு. நீர்மூழ்கியின் உடம்பு வளைவதால் ஒரு மூலை சரிந்திருந்தது. மெத்தையையும் அங்கே சரித்துத்தான் வெட்ட வேண்டும். அந்த மூலையின் அளவு சரியாக வரவில்லை. நாடாவின் நுனியை இரும்புச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் விட்டபோது ஏதோ தட்டியது. ஊக்கைக் கழற்றி, வளைத்து, மெல்ல இழுத்தாள். ஒரு புகைப்படம் வந்தது.

அவளுடைய படம்தான். இருபத்தோரு வயது, பழைய மெஷின் முன்னால் உட்கார்ந்து, சிரிப்பை அடக்கத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் மட்டும்தான் இருந்தாள். திருப்பிப் பார்த்த பிறகுதான் படம் நெடுக்காக மடிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. விரித்தாள். மடிப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன், சீருடையில், மெஷின்மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

துணியோடு பழகிய கை அவளுடையது. ஒரு மடிப்பைப் பார்த்தால் அது ஒரு தடவை மடித்ததா, நூறு தடவை மடித்ததா என்று சொல்லிவிடுவாள். இந்த மடிப்பு வெளுத்து, நைந்து, நூலாய்ப் போயிருந்தது. ஆயிரம் தடவைக்குக் குறையாது. கீழே ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்தும் இருந்தது. பிளந்த இடத்தில் பின்பக்கம் யாரோ கறுப்பு டேப்பை, வயருக்குச் சுற்றுகிற டேப்பை, ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

படத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

காது பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கட்டில் முழுக்கத் துணி. ஒவ்வொன்றையும் சுருட்டிச் சுருட்டி, இண்டு இடுக்கில்லாமல் அடுக்கிக்கொண்டிருந்தார். நீர்மூழ்கியில் பழகிய பழக்கம். அவள் படத்தைப் பெட்டிமேல் வைத்தாள்.

காது உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க இருந்துச்சு?"

"இடுக்குல. அண்ணே, இதை யாரு மடிச்சது?"

"வேற யாரு? மேல் படுக்கையோட அடிப்பக்கத்துல கிளிப் போட்டு மாட்டியிருந்தேன். படுத்தா நேரா கண்ணுக்குத் தெரியும். நான் விரிச்சு வச்சுட்டு டியூட்டிக்குப் போவேன். ஆறு மணி நேரம் கழிச்சு வந்தா மடிஞ்சிருக்கும். நான் பின்னால போயிருப்பேன், நீ மட்டும் சிரிச்சுக்கிட்டு இருப்ப. திரும்ப விரிப்பேன். திரும்ப மடிப்பான் படவா. மூணு வருஷம்!"

"உனக்குக் கோவம் வரலையா?"

"முதல் நாள் வந்துச்சு. பெருவிரலை உடைச்சிரலாமான்னு பாத்தேன்." காது சிரித்தார். "அப்புறம் யோசிச்சேன். என் மூஞ்சி வேண்டாம்னா கிழிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்? கிழிக்கல. பாத்துப் பாத்து மடிச்சான். விட்டுப்போற மாதிரி ஆனப்ப, இந்தா, எஞ்சின் ரூம் டேப்பைக் கொண்டாந்து ஒட்டியிருக்கான். கிழிச்சிருந்தான்னா பொண்ணு குடுத்திருக்க மாட்டேன்."

அவள் புடவைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"ஒரு நாள் படத்தைக் காணோம்," என்று தொடர்ந்தார் காது. "திருடிட்டான்னு முடிவு பண்ணினேன். சரி, திருடற அளவுக்கு முத்திடுச்சு, இனிமே கேட்டுட வேண்டியதுதான்னு அன்னைக்கே பேச்சை எடுத்தேன். அவன் மூஞ்சி வெளிறிப்போச்சு. இப்பத்தான் புரியுது. நான் கண்டுபிடிச்சு எடுத்துட்டேன்னு அவன் நினைச்சிருக்கான். கேக்கறதுக்கு அவனுக்கும் பயம், எனக்கும் கூச்சம். கடைசியில பாத்தா, படம் பாட்டுக்கு இடுக்குல விழுந்து கிடந்திருக்கு!"

"நச்சரிச்சியாமே?"

"ஒரே ஒரு தடவை கேட்டேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள 'சரி'ன்னான்."

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். போகும்போது வாசலில் நின்று, "வெள்ளிக்கிழமை வருவியாண்ணே?" என்று கேட்டாள்.

காதின் முகம் மாறியது. "ஓடினவன்னு சொன்னான்ல? ஓடினவன் எதுக்கு வரணும்?" என்றார். சொல்லிவிட்டு, சுருட்டிய சட்டையைப் பிரித்து மறுபடியும் சுருட்டினார்.

வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகள் முப்பத்து நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருக்கலாமாம், அவள் நாலு நாள் இருக்கக் கூடாதா? மெஷினில் உட்கார்ந்து பதினாலாம் நம்பருக்கு மெத்தை உறை தைத்தாள். சரிந்த மூலைக்குத் தனியாக ஒரு துண்டு வெட்டிச் சேர்த்தாள். காப்பாளர் கொடுத்த பட்டியலில் தலையணை ஒன்று என்றுதான் இருந்தது. அவள் இரண்டு தைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் ஆளாகப் போனாள். மெத்தைகளைப் போட்டு, திரைச்சீலைகளை மாட்டி, பதினாலாம் நம்பரில் முன்பக்கம் ஒரு தலையணையும் எஞ்சின் பக்கம் ஒரு தலையணையும் வைத்தாள். படத்தை நன்றாக விரித்து, மேல் படுக்கையின் அடிப்பக்கத்தில் கிளிப் போட்டு மாட்டினாள். அசையாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள்தான்மா இப்படி. நாளைக்குக் கண்ணாடி போட்டுடுவேன்," என்றாள் காப்பாளர். "ஆனா தகட்டுல யார் பேரு? எழுத்துப் பொறிக்கிறவர் வெளிய உக்காந்திருக்காரு. இதுக்கு மேல தாங்காது."

"கொஞ்சம் பொறும்மா," என்றாள் இவள்.

டீசல் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். காதில் கருவி இருந்தது. அவள் பார்க்காதது மாதிரி இருந்தாள். "மெத்தை சரியா இருக்கான்னு ஒரு தடவை படுத்துப் பாருங்க," என்றாள். அந்த முட்டியோடு அவர் ஏறிய லாகவத்தைப் பார்த்தால் முப்பது வயது குறைந்தது போலிருந்தது. ஒரு கை மேல் கம்பியில், ஒரு கால் கீழ்ச் சட்டத்தில், அடுத்த நொடி உள்ளே. திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டார்.

அப்புறம் உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. இருமல்கூட இல்லை. அவள் நடையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசல் பக்கம் பார்த்தாள். வருகிறவர்கள் எல்லாம் யார் யாரோ. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. வரமாட்டார் என்று அவள் மனசு விட்டுப்போன நேரத்தில், வெட்டிய வாசலில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு அண்ணன் குனிந்து நுழைந்தார். உள்ளே வந்ததும் தானாகக் கால் மெதுவாகிவிட்டது, சுவர் இடிக்காமல் தோள் சாய்ந்துகொண்டது.

பதினாலாம் நம்பர் திரைச்சீலைக்கு வெளியே, முன்பக்கம், இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. காது கொஞ்ச நேரம் அந்தப் பாதங்களைப் பார்த்தார். பிறகு வலது பெருவிரலைப் பிடித்து இரண்டு தடவை அழுத்தினார்.

மூன்று எண்ணவில்லை. டீசல் நடையில் விறைப்பாக நின்றார். கண் சிவந்திருந்தது. எதிரே யார் என்று பார்த்த பிறகும் அந்த விறைப்பு போகவில்லை.

"மச்சான்," என்றார். "அன்னைக்கு நான் சொன்னது ரொம்பத் தப்பு."

"தள்ளு மாப்பிள்ளை. படுக்கை ஆறிடப் போகுது," என்றார் காது. டீசல் சுவரோடு ஒட்டி வழிவிட, அவர் ஏறிப் படுத்தார், தலையை முன்பக்கத் தலையணையில் வைத்து.

டீசல் காப்பாளரைத் தேடித் திரும்பினார். "அம்மா, தகட்டுல மச்சான் பேரை எழுதுங்க. முதல்ல வந்தவர் அவர்தான்."

"அதெல்லாம் வேண்டாம். அவர் பேரை எழுதுங்கம்மா, ஒம்பது வருஷம் கிடந்தவர். நான் ஊருக்குப் போறவன்," என்று குரல் உள்ளிருந்து வந்தது.

"போறவர் பேருதான் இங்க இருக்கணும். எழுதுங்கம்மா நீங்க."

"எழுதாதம்மா!"

காப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஏழு வாரமாகத் தேடிய பென்சில் கையில் தட்டுப்பட்டது. தையல்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு பேரையும் சின்ன எழுத்துல எழுதச் சொல்லும்மா. தகட்டுல இடம் இல்லாட்டி நெருக்கிக்கிட்டு இருக்கட்டும், பழகினவங்கதானே," என்றாள்.

அப்போதுதான் உள்ளே காது 'ஹோ'வென்று சிரித்தார். அந்த இரும்புக் கூடு முழுக்க எதிரொலித்தது. "தங்கச்சி, இங்க வந்து பாரு!"

அவள் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். மேலே கிளிப்பில் படம் மாட்டியிருந்தது. அதில் அவள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைக் காணோம். இடது பாதி, ஓரம் பிசகாமல், பின்னால் மடித்திருந்தது.

தலையை வெளியே எடுத்துப் புருஷனைப் பார்த்தாள். டீசல் ஒரு வால்வை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். காது மடல் வரை சிவந்திருந்தது.

"காத்துல மடிஞ்சிருக்கும்," என்றார், வால்விடம்.

"இருக்கும் இருக்கும்," என்றாள் அவள். "ஜன்னலோரப் படுக்கையாச்சே."